வால்வு என்ன ரேம் சிப்பா, பிடுங்கி மாட்ட?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஆறு மாதத்தில் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஸ்குரூ டிரைவரை எடுத்து கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுகிறார்கள். ரேம் போதவில்லையா? இன்னொன்று வாங்கி வந்து சொருகுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுகிறார்கள். இதில் தவறே இல்லை. ரேம் ஸ்லாட்டின் நடுவே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். தவறான ரகம் அதில் இறங்காது. சரியாக உட்காரவில்லை என்றால் பீப் ஒலி வரும், திரை கறுப்பாக இருக்கும். எடுத்துவிட்டுப் பழையதை மாட்டினால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். மாட்டிப் பார்த்துத்தான் கற்றுக் கொள்கிறோம்.

இதே தைரியத்துடன் வால்வு ஆம்ப்ளிபயர் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பதற்கென்றே வால்வு ஆம்ப்ளிபயர் வாங்கும் வழக்கம் இப்போது கூடியிருக்கிறது. சிலர் வீட்டுப் பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்து, லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் கொடுத்துக் கேட்கிறார்கள். நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி, "இ.எல்.34-ஐ எடுத்துவிட்டு கே.டி.88 போட்டால் சவுண்ட் பிரமாதமாக இருக்குமாமே, போடலாமா?" என்பதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் வால்வு தேய்ந்து போனால் மாற்றுங்கள். அதே எண் உள்ள வால்வையே போடுங்கள். போட்ட பிறகு மீட்டர் வைத்து அளந்து சரி செய்யுங்கள், அல்லது அளக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ருசி பார்ப்பதற்காக மாற்றாதீர்கள்.

ஏன் என்று சொல்ல வால்வு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் பிராசசரில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அந்த டிரான்சிஸ்டர் பார்க்கும் வேலையை அதற்கு முன்பு பார்த்தது வால்வு. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். உள்ளே சூடேற்றும் இழை. 1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். சிறிய சிக்னலைப் பெரிதாக்கும் வழி அதிலிருந்துதான் பிறந்தது. ஆரம்பகால கம்ப்யூட்டர்களும் வால்வில் ஓடியவையே. 1946-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக்கில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். மும்பையில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் தாங்களே கட்டிய டிப்ராக் கம்ப்யூட்டரிலும் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன.

எனியாக்கைப் பராமரித்தவர்களுக்குத் தலைவலியே வால்வு கெட்டுப் போவதுதான். அதிலும் மெஷினை அணைத்துப் போடும்போதும், ஆறிய வால்வு மீண்டும் சூடாகும்போதும்தான் அதிகம் கெட்டன. அதனால் முடிந்தவரை அணைக்காமலே ஓட்டினார்கள். டிரான்சிஸ்டரைப் போர்டில் பற்றவைத்து விடுகிறோம். வால்வுக்கு மட்டும் சாக்கெட் வைக்கிறோம். காரணம், வால்வு எரிந்து தீர்ந்து போகும் பொருள். ரேம் ஸ்லாட் இருப்பது மெமரியைக் கூட்டிக் கொள்ள. வால்வு சாக்கெட் இருப்பது பிரிண்டரில் கார்ட்ரிட்ஜுக்கு இடம் விட்டிருப்பதைப் போல. தீர்ந்தால் அதே எண் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறோம் அல்லவா? சாக்கெட்டைப் பார்த்ததும் கம்ப்யூட்டர்காரர்களுக்கு 'அப்கிரேட்' என்று தோன்றிவிடுகிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊருக்கு வால்வு புதிதல்ல. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. டிரான்சிஸ்டர் வரும் வரை ஸ்ரீரங்கத்து வீதிகளில் கச்சேரி கேட்ட வீடுகள் எல்லாம் வால்வு ரேடியோவில்தான் கேட்டன. சுவிட்ச் போட்டு அரை நிமிடம் காத்திருந்தால்தான் சத்தம் வரும். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எதற்கும் மைக் செட்தான். அந்த மைக் செட் ஆம்ப்ளிபயர்களும் வால்வு போட்டவையே. வால்வுகளும் நம் நாட்டிலேயே தயாராயின. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல், ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத் தொழில்நுட்ப உதவியுடன் ரேடியோ வால்வுத் தயாரிப்பை ஆரம்பித்தது. 'பெல்' முத்திரை போட்ட அந்தப் பழைய வால்வுகளை இன்று வெளிநாட்டு வியாபாரிகள் நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கே ரிப்பேர் கடை டப்பாக்களில் அவை தூசி படிந்து கிடந்தன என்பது வேறு கதை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மைக் செட் தொழில் செய்தவர். அவர் தொழிலை விட்டது நான் பிறப்பதற்கு முன்பு. ஆனால் அவருடைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று இன்றும் பாடுகிறது. பவர் வால்வுகள் இரண்டின் அடிப்பகுதியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. ஸ்பேர் ஜோடிக்கு இரண்டு புள்ளி. "ஏன் ஐயா, எண்தான் ஒன்றாக இருக்கிறதே, எதை எதோடு போட்டால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "தம்பி, ஒரே நம்பர்னா ஒரே மாடுன்னு அர்த்தமா? ஒண்ணு இழுக்கும், ஒண்ணு படுத்துக்கும். வண்டி குடை சாஞ்சிடும்" என்றார். பல பக்கம் எழுத வேண்டிய விஷயம் அந்த வண்டி மாட்டுக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் பிளேட்டுக்குப் பாய்கின்றன. பிளேட்டில் 400, 450 வோல்ட் பாசிட்டிவ் மின்சாரம் இருப்பதால் அது இழுக்கிறது. நடுவில் கம்பி வலை, அதாவது கிரிட். முக்கொம்பு போய்ப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காவிரித் தண்ணீர் பாயத் தயாராக நிற்கிறது. மதகு எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதைப் பொறுத்து அந்தப் பக்கம் போகிறது. கிரிட்டில் கொடுக்கும் நெகட்டிவ் வோல்ட்தான் அந்த மதகு. இதற்குப் பெயர் பயாஸ். (கம்ப்யூட்டரில் நீங்கள் டெலீட் கீ அழுத்தி உள்ளே போகிறீர்களே, அந்த பயாஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) நெகட்டிவ் கூடினால் மதகு இறங்கும், கரண்ட் குறையும். நெகட்டிவ் குறைந்தால் கரண்ட் பெருகும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் 9 அடித்துக் கொண்டு போனது நினைவிருக்கும். கிரிட்டில் நெகட்டிவ் வோல்ட் வராமல் போனால் வால்வுக்குள்ளும் அதே கதைதான். பிளேட் பழுக்கக் காய்ந்து செக்கச் சிவக்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு ரகத்துக்கும் மதகு இறங்க வேண்டிய அளவு வேறு. இ.எல்.34-க்குச் சரியாக இருக்கும் பயாஸ், கே.டி.88-க்கும் 6எல்6-க்கும் போதாது. அவற்றுக்கு இன்னும் அதிக நெகட்டிவ் வேண்டும். ஆகவே இ.எல்.34-க்காகச் சரி செய்து வைத்த ஆம்ப்ளிபயரில் அவற்றைச் சும்மா சொருகினால் அளவுக்கு மேல் கரண்ட் ஓடும். சாக்கெட் தடுக்காதா என்றால், தடுக்காது. எல்லாவற்றுக்கும் அதே எட்டுக் கால் அடிப்பகுதிதான். ரேம் ஸ்லாட்டில் தடுப்பு வைத்தவர்கள் இங்கே வைக்கவில்லை.

இழையைச் சூடாக்கும் கரண்டும் வேறு. 6.3 வோல்ட்டில் இ.எல்.34 ஒன்று 1.5 ஆம்பியர் எடுக்கும். கே.டி.88 எடுப்பது 1.6. பார்க்கச் சிறிய வித்தியாசம்தான், ஆனால் நான்கு வால்வு உள்ள செட்டில் 0.4 ஆம்பியர் கூடுகிறது. பழைய டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதுவும் மே மாதத் திருச்சியில். காலின் இணைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இ.எல்.34-க்கு ஒன்றாம் கால் உள்ளே இருக்கும் ஒரு கிரிட்டுக்குப் போகிறது. அதை எட்டாம் காலோடு சேர்த்திருக்க வேண்டும். 6எல்6-ல் ஒன்றாம் காலுக்கு வேலை இல்லை. அதனால் அந்த வால்வுக்காகக் கட்டிய சில செட்டுகளில், சும்மா இருக்கும் இடம்தானே என்று வேறு ஏதாவது ஒயரை அங்கே பற்றவைத்திருப்பார்கள். அதில் இ.எல்.34-ஐச் சொருகினால் என்ன ஆகும் என்பது அந்த ஒயரில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது.

சரி, இவ்வளவும் சமாளித்து கே.டி.88 போட்டாகிவிட்டது. சத்தம் கூடுமா? டேட்டா ஷீட்டில் இ.எல்.34-ன் பிளேட் தாங்கும் அளவு 25 வாட்ஸ், கே.டி.88-க்கு 42 வாட்ஸ் வரை. இந்த எண்களைப் பார்த்துத்தான் ஆசை வருகிறது. ஆனால் அது வால்வு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்ற கணக்கு. ஸ்பீக்கருக்கு எத்தனை வாட்ஸ் போகும் என்பதை முடிவு செய்வது பவர் சப்ளையின் வோல்ட்டும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும். அவை இரண்டும் பழையவைதானே? பெரிய கேபினெட் வாங்கியதால் பிராசசர் வேகம் கூடுமா? ஒரு பேச்சுக்கு வாட்ஸ் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்றே வைத்துக் கொள்ளுங்கள், அதுவும் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்.

இனி, சத்தம் வேண்டாம், நாதம் மாறும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் முழுதாக மறுக்கவில்லை. கிட்டார் ஆம்ப்ளிபயரை முழு வேகத்தில் முடுக்கி வால்வை வேண்டுமென்றே திணற விடுகிறார்கள். அங்கே ரகத்துக்கு ரகம் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நாம் இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் திட்டாத அளவில் லேப்டாப்பிலிருந்து பாட்டு கேட்கிறோம். ஒன்றிரண்டு வாட்ஸ் ஓடினால் அதிகம். அங்கே தெரியும் வித்தியாசம் மிகச் சிறியது. இன்னொன்று: வால்வை மாற்ற அணைக்க வேண்டும், ஆற விட வேண்டும், மாட்டி மறுபடி பயாஸ் சரி செய்து சூடாக விட வேண்டும். அரை மணி நேரமாவது ஆகிவிடும். அரை மணிக்கு முன் கேட்ட வயலினின் நாதத்தை நுணுக்கமாக நினைவில் வைத்து ஒப்பிட என்னால் முடியாது. முடிகிறது என்பவர்கள் பெரும்பாலும் கொடுத்த பணத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். சண்டைக்கு வராதீர்கள்.

விதிவிலக்கு உண்டு. சில புதிய ஆம்ப்ளிபயர்களில் இ.எல்.34, கே.டி.88 இரண்டையும் போடலாம் என்று தயாரித்தவர்களே சொல்லி, அதற்கு ஒரு சுவிட்சோ தானாகச் சரி செய்து கொள்ளும் சர்க்யூட்டோ வைத்திருப்பார்கள். அப்படி மேனுவலில் எழுதியிருந்தால் தாராளமாக மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது எப்படி? கண்ணாடியின் உட்புறம் வெள்ளி பூசியது போல ஒரு திட்டு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு முடிந்தது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பாருங்கள். உள்ளே இழை ஆரஞ்சு நிறத்தில் எரிவது இயல்பு. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய நீல ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல நல்ல வால்வுகளில் அது வரும். இவை தவிர, மிருதங்கத்தின் தொப்பி தளர்ந்து ஒலிப்பது, ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் குறைவது, வைத்த பயாஸ் நிற்காமல் நகர்ந்து கொண்டே இருப்பது எல்லாம் தேய்மானத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். பவர் வால்வுக்குச் சில ஆயிரம் மணி நேரம் ஆயுள். 3,000 மணி என்று வைத்தால், தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு நான்கு ஆண்டுகள் வரும். வருடத்துக்கு ஒரு செட் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக் கொண்டே வந்துவிடுங்கள்.

மின்சாரமும் ஆயுளைத் தின்னும். 220 வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப்ளிபயரை நாம் 230-ல், சில தெருக்களில் 240-ல் ஓட்டுகிறோம். அப்போது 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சுமார் 6.9 வரும், 450 வோல்ட் வர வேண்டிய பிளேட்டில் 490 வரும். பின்பக்கத்தில் வோல்ட் தேர்வு செய்யும் சுவிட்சோ கட்டையோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். புது வால்வு வாங்குவதைவிட இது மலிவு.

அளப்பது பற்றி. ஒவ்வொரு பவர் வால்வின் கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் வேலை சுலபம். மீட்டரில் 39 மில்லிவோல்ட் காட்டினால் 39 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். எவ்வளவு ஓட வேண்டும்? தாங்கும் அளவில் 70 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. இ.எல்.34-க்கு 25 வாட்ஸில் 70 சதவீதம் 17.5 வாட்ஸ். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 17.5-ஐ 450-ஆல் வகுக்க, ஏறக்குறைய 39 மில்லிஆம்பியர். இதற்கு மேல் போக வேண்டாம். கொஞ்சம் குறைவாக வைத்தால் ஆயுள் கூடும். செட் தயாரித்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுதான் சரி. பாட்டு ஓடாமல், சூடேறிப் பத்து நிமிடம் கழித்து அளக்க வேண்டும். இப்படித் திருகிச் சரி செய்யும் வகைக்கு 'பிக்சட் பயாஸ்' என்று பெயர். பிக்சட் என்று பெயர் வைத்துவிட்டு அதைத்தான் மாற்றச் சொல்கிறார்கள், பெயர் வைத்தவரைத் தேடிக் கொண்டிருக்கிறேன். இ.எல்.84 போட்ட சிறிய செட்டுகளில் பெரும்பாலும் 'கேத்தோடு பயாஸ்' இருக்கும். அதில் ஒரு ரெசிஸ்டரே ஓரளவு சமாளித்துக் கொள்ளும், திருக வேண்டியதில்லை.

இப்போது பெரியவரின் வண்டி மாட்டுக்கு வரலாம். பெரிய ஆம்ப்ளிபயர்களில் இரண்டு பவர் வால்வுகள் அவுட்புட் டிரான்ஸ்பார்மரை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கின்றன. சும்மா இருக்கும்போது இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடினால் டிரான்ஸ்பார்மரின் இரும்பில் இரண்டு காந்தமும் ஒன்றை ஒன்று அடித்துப் போய்விடும். ஒன்றில் 45, இன்னொன்றில் 30 என்று ஓடினால் அடித்துப் போகாது. 'உம்' என்று ஹம் வரும், தாழ்ந்த சுருதிகள் கலங்கும். அதனால்தான் நகப்பூச்சுப் புள்ளி. ஒரு வால்வு போனால் ஜோடியாக மாற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். வால்வு இன்றும் கிடைக்கிறது. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் செய்கிறார்கள். 2022-ல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்ததும் உலகம் முழுதும் விலை எகிறியது. பிறகு வரத்து தொடர்ந்தது. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன் சுற்றிய அந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டால் அதேபோல் இன்னொன்று எந்தக் கடையிலும் இல்லை. சுற்றித் தருகிறவர் கிடைத்தாலும் எத்தனை அடுக்கு, எந்த வரிசை என்று தெரியாமல் சுற்ற வேண்டியிருக்கும். தவறான வால்வைப் போட்டு ஆசைக்குப் பார்க்கும்போது நீங்கள் பணயம் வைப்பது வால்வை அல்ல, இதை. ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கும்போது சத்தம் வைத்து ஓட்டினாலும் இது போகும். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் ஒயரை எத்தனை முறை கழற்றி மாட்டியிருப்போம்? அந்தக் கை இங்கே ஆகாது.

இன்னும் பெரிய பணயமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் மதர்போர்டில் அதிகபட்சம் 12 வோல்ட். அதில் விரல் பட்டால் ஒன்றும் ஆகாது. வால்வு செட்டின் அடித்தட்டைத் திறந்தால் 400 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். ஆகவே மேலே எழுதியதைப் படித்துவிட்டு மட்டும் அடித்தட்டைத் திறக்காதீர்கள். வெளியிலேயே அளக்கும் முனையும் திருகும் வைத்திருக்கிற செட் என்றால் நீங்களே செய்யலாம். இல்லை என்றால் மெக்கானிக் வேண்டும். மேலிருந்து வால்வை மட்டும் மாற்றுவதானாலும் பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி ஆறும் வரை காத்திருங்கள். கண்ணாடியைப் பிடித்து ஆட்டாமல் அடிப்பகுதியைப் பிடித்து நேராக இழுங்கள். எட்டுக் கால்களுக்கு நடுவே பிளாஸ்டிக்கில் ஒரு தண்டும் அதில் ஒரு முட்டும் இருக்கும். அது உடைந்த வால்வை வாங்காதீர்கள். முட்டு இல்லாவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போய்விடும்.

புது வால்வு போடுவதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: கண்டென்சர்களைப் பார்த்தாரா? 2000-களின் தொடக்கத்தில் மதர்போர்டு கண்டென்சர்கள் தலை வீங்கி ஏராளமான கம்ப்யூட்டர்கள் படுத்தன. நாற்பது, ஐம்பது வருட ஆம்ப்ளிபயரில் இருப்பவை எந்த நிலையில் இருக்கும்? குறிப்பாக, பவர் வால்வின் கிரிட்டுக்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர். அது லேசாகக் கசிந்தால் முந்தைய வால்வின் பாசிட்டிவ் வோல்ட் கிரிட்டுக்கு வந்து சேரும். மதகு தானாக ஏறும். புது ஜோடி சில மாதத்தில் போய்விடும்; வாங்கியவர் வால்வைத் திட்டுவார். சில ரூபாய் கண்டென்சரை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் வால்வுக்குக் கொடுப்பதை நான் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த ஆயிரங்கள் எங்கே போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் மல்லார்டு நிறுவனம் செய்த வால்வுகளுக்கு உலகம் முழுதும் மவுசு. அந்தப் பெயரை வேறு வால்வின் மேல் அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் இன்டர்நெட்டில் ஒரு ஜோடி வாங்கினார். பெட்டி பழையது, எழுத்து பளிச்சென்று இருந்தது. அசல் மல்லார்டின் மேல் எழுத்து விரல் பட்டாலே உதிரும். ஆனால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பொறித்திருக்கும் சிறு குறியீடு அழியாது. பிளாக்பர்ன் ஆலை என்றால் அதில் ஆங்கில 'பி' எழுத்து இருக்கும். நண்பரின் ஜோடியில் குறியீடே இல்லை. 'மேட்ச்டு பேர்' என்ற ஸ்டிக்கரும் இப்படித்தான். எத்தனை வோல்ட்டில் எத்தனை மில்லிஆம்பியர் அளந்தார்கள் என்று எழுதாத ஸ்டிக்கர் வெறும் பசைக் காகிதம்.

கம்ப்யூட்டர் மேஜைக்கென்று வரும் குட்டி வால்வு ஆம்ப்ளிபயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் இரண்டு சின்ன வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும். பலவற்றில் அது 6ஜே1 என்ற சிறு வால்வு. வெளிச்சத்துக்கு அடியில் ஒரு எல்.இ.டி. வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளே இருக்கும் சிப். தூக்கிப் பாருங்கள், டிரான்ஸ்பார்மர் இல்லாததால் இறகு போல இருக்கும். இதில் பவர் வால்வு கிடையாது. மாற்றி நாதம் கூட்ட வழியும் இல்லை. 2002-ல் ஏஓபன் நிறுவனம் பென்டியம் 4 மதர்போர்டு ஒன்றிலேயே வால்வு வைத்து விற்றது. அதுவும் சிறு சிக்னல் வால்வுதான். ஆனால் இந்தக் குட்டிகளில் வோல்ட் குறைவு. கை துறுதுறுக்கிறவர்கள் 6ஜே1-ஐ எடுத்துவிட்டு அதற்குச் சமமான 6ஏகே5 போட்டு விளையாடலாம். ஆபத்தும் இல்லை, செலவும் அதிகம் இல்லை.

வீட்டில் பழைய மைக் செட்டோ ரேடியோவோ இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. அதை எடைக்குப் போட்டால் டிரான்ஸ்பார்மரில் உள்ள செம்புக்கு மட்டும் விலை கிடைக்கும். வால்வு தெரிந்த மெக்கானிக்குகள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்கள். ரேடியோ ரிப்பேர், சவுண்ட் சர்வீஸ் என்ற பழைய போர்டு தொங்கும் கடைகளில் விசாரியுங்கள். வெளிநாட்டு ஜோடிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அவர் கூலிக்கும் கண்டென்சருக்கும் கொடுங்கள். ஒரு ஓம் ரெசிஸ்டரும் வெளியே அளக்கும் முனையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த வேலையை எழுதி வைத்த தமிழ்ப் புத்தகம் எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு பழக்கம், எங்கள் தெருப் பெரியவரிடமிருந்து எடுத்துக் கொண்டது. ஆம்ப்ளிபயர் மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வைத்திருக்கிறார். வால்வு மாற்றிய தேதி, இடது வால்வின் அளவு, வலது வால்வின் அளவு, அன்றைய வீட்டு வோல்ட், எல்லாம் பென்சிலில். நான் அதை எக்செல் பைலில் வைத்திருக்கிறேன். புது ஜோடி போட்டால் முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பிளேட் சிவக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து அளவெடுங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். இரண்டு வால்வுக்கும் இடையில் 5 மில்லிஆம்பியருக்கு மேல் விலக ஆரம்பித்தால் அடுத்த ஜோடிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.